செல்லப்பிராணிக் காப்பகத்தின் உதவியைப் பெறுவது எப்படி? செட்டிநாட்டில் புதிதாக நாய், பூனை வளர்ப்போருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் நாய் பூனை வளர்ப்போரிடம் விலங்குக் காப்பகம் எதற்கு இருக்கிறது என்று கேட்டால், வளர்க்க முடியாமல் போனதைக் கொண்டுபோய் விடுவதற்கு என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்த எண்ணத்தோடு வருகிறவர்களிடம்தான் காப்பக ஊழியர்கள் நெடுநேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. ஒழுங்காக நடக்கும் எந்தக் காப்பகமும் விலங்கை வாங்கி வைத்துக்கொள்வதைத் தன் முதல் வேலையாகக் கருதுவதில்லை. வளர்த்தவர் வீட்டிலேயே அது தொடர்ந்து இருப்பதற்கு என்ன தடையோ அதை நீக்கிக் கொடுப்பதே அதன் முதல் வேலை, வாங்கி வைத்துக்கொள்வது வேறு வழியே இல்லாதபோது செய்வது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்குக் காப்பகத்தால் கிடைக்கும் உதவி மிகுதி. அந்த உதவியை எந்த நேரத்தில், எந்த முறையில் கேட்பது என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், எதற்கு எந்த இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நோய்க்கு முதலில் போக வேண்டிய இடம் அரசு கால்நடை மருந்தகம் அல்லது கால்நடை மருத்துவமனை. ஆடு மாடுகளுக்கு மட்டுமே அங்கே மருத்துவம் என்று நினைத்து நாய் வளர்ப்போர் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. நாய்க்கும் பூனைக்கும் அங்கே மருத்துவம் உண்டு, காலை வேளையில் போவது நல்லது. நகர்த்த முடியாத நிலையில் விலங்கு கிடந்தால் 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வருமா என்று கேட்கலாம். அது கால்நடைகளை முதன்மையாக மனத்தில் வைத்துத் தொடங்கிய சேவை என்பதால், செல்லப்பிராணிக்கு எப்போதும் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதும் 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஆகவே அதற்கான மனுவை மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோதான் கொடுக்க வேண்டும். யாராவது விலங்கை அடித்துத் துன்புறுத்தினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆலோசனை, தடுப்பூசி முகாம், குறைந்த செலவில் கருத்தடை, தற்காலிகத் தங்கல், காணாமற்போனதைத் தேடுவது, தத்து கொடுப்பது ஆகியவற்றுக்குக் காப்பகத்தை அணுகலாம்.

காப்பகம் என்று பலகை மாட்டிய இடமெல்லாம் காப்பகம் ஆகிவிடாது. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு பெற்றிருக்கிறதா, கால்நடை மருத்துவர் வந்து போகிறாரா, புதிதாக வரும் விலங்குகளைப் பிரித்து வைக்கத் தனி அறை இருக்கிறதா, கொடுத்த பணத்துக்கு ரசீது தருகிறார்களா, கூண்டுகள் இருக்கும் பகுதியை நேரில் பார்க்க விடுகிறார்களா என்று பாருங்கள். குட்டி விற்கும் தொழிலும் அதே வளாகத்தில் நடந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அழைக்கும்போது என்ன சொல்வது

"நாய்க்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. வயது, ஆணா பெண்ணா, கடைசியாக எப்போது சாப்பிட்டது, வாந்தியோ வயிற்றுப்போக்கோ உண்டா, அதில் இரத்தம் கலந்திருக்கிறதா, எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அழையுங்கள். நொண்டினாலோ வலிப்பு வந்தாலோ கைப்பேசியில் அரை நிமிடம் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பத்து நிமிடப் பேச்சில் விளங்காதது அதில் விளங்கிவிடும்.

ஒரு சின்னப் பரிசோதனையை வீட்டிலேயே செய்து பார்த்துச் சொல்லலாம். நாயின் மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக மாற வேண்டும். அப்படி மாறத் தாமதமானாலும், ஈறு தொடக்கத்திலேயே வெளுத்தோ மஞ்சள் பூத்தோ இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் உண்ணி ஆண்டு முழுவதும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்த நாயின் ஈறு பெரும்பாலும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். காதுமடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் விரித்துப் பார்த்தால் உண்ணி ஒட்டியிருப்பது தெரியும்.

நேரில் போகும்போது தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால் ஒரு துண்டால் வாயைக் கட்டி அழைத்துச் செல்வது வழக்கம். ஆனால் மூச்சிரைக்கும் நாய்க்கும், வாந்தியெடுக்கும் நாய்க்கும், பக் போன்ற மூக்கு குறுகிய இனங்களுக்கும் வாயைக் கட்டவே கூடாது. பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஒரு பேருந்தின் ஒலிப்பானுக்கு அது துள்ளிப் பாய்ந்துவிடும், பிறகு அதைத் தேடுவதே தனி வேலையாகிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணி விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தால் போதும்.

வீட்டில் வைத்தே தீர்க்கக்கூடியவை

விலங்கை விட்டுவிட வேண்டும் என்று வருகிறவர்கள் சொல்லும் காரணங்களில் பாதிக்கு மேல் வீட்டிலேயே தீர்ந்துவிடக்கூடியவை என்பது காப்பக வேலையில் இருப்போர் எல்லாரும் சொல்வது. அவற்றுள் முதலாவது நோய்ச்செலவு. நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோய்களுக்கான முதல் ஊசியைப் போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை திரும்பப் போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்பு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று. ஊசிக்கு ஆகும் செலவு, பார்வோ வந்த குட்டிக்கு நாள்கணக்கில் ஏற்றும் குளுக்கோஸ் செலவில் சிறு பங்குதான். அதையும் கொடுக்க முடியாதவர்கள் ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையும் ஒட்டி நடக்கும் இலவச முகாம்கள் எங்கே என்று காப்பகத்திலோ கால்நடை மருந்தகத்திலோ கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, குட்டிகள். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும். நாய்க்கும் பூனைக்கும் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வலுவாக இருக்கிறது, அதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. கருத்தடை செய்த பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவதில்லை, முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். அறுவைக்கு முதல்நாள் இரவு முதல் உணவு கொடுக்கக் கூடாது, எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் வயதைப் பார்த்துச் சொல்வார். அறுவைக்குப் பிறகு பத்துப் பதினான்கு நாள் தையலை நக்காமல் கழுத்தில் கூம்புப் பட்டை போட்டு வைக்க வேண்டும். நாய் அந்தப் பட்டையோடு தூணிலும் கதவிலும் முட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு மணி நேரம் கழற்றி வைப்பவர்கள்தான் பிரிந்த தையலோடு மறுபடி வந்து நிற்பார்கள்.

மூன்றாவது, உணவு. இங்கே நம் வீட்டுச் சமையலே வில்லங்கம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைப்பவை. சின்ன வெங்காயம் இல்லாத குழம்பு செட்டிநாட்டு அடுப்பில் ஏது? கோழிக் குழம்பில் மிஞ்சியதைச் சோற்றில் பிசைந்து வைப்பது பாசம்தான், ஆனால் அந்த மசாலாவும், வெந்து நொறுங்கிக் குத்தும் எலும்பும் சேர்ந்து வயிற்றை ஒருவழி பண்ணிவிடும். மசாலா சேர்க்கும் முன்பே கறியில் கொஞ்சம் தனியே எடுத்து வேகவைத்து, எலும்பை நீக்கி, சோற்றோடு கலந்து கொடுத்தால் அதுவே நல்ல உணவு. பாயசத்தில் போடும் உலர்திராட்சையும், சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் பெட்டி நிறையக் கொண்டுவரும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. மருந்தைப் பற்றி ஒன்றே ஒன்று: பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே அதன் உயிரை எடுத்துவிடும்.

புழு வைத்த புண்ணுக்கு மண்ணெண்ணெயும் பினாயிலும் ஊற்றும் வழக்கமும் நிற்க வேண்டும். புண்ணைச் சுற்றியுள்ள முடியை வெட்டிவிட்டு டாப்பிக்யூர் போன்ற ஸ்பிரேயை அடித்து, வெளிவரும் புழுக்களை இடுக்கியால் எடுத்து, மறுநாளும் அதையே செய்ய வேண்டும். கண்ணுக்கு அருகிலோ காதுக்குள்ளோ இருந்தால் நீங்களே தொடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரக் காலத்தில் நண்பகலில் நாயை வெளியே நடத்திச் செல்லாதீர்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய அறையில் படுக்க விடுங்கள், மயங்கிச் சாய்ந்தால் பனிக்கட்டி வேண்டாம், சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து விசிறியைப் போட்டுவிட்டு மருத்துவரிடம் விரையுங்கள். இதோடு ஒரு கருத்தும் சேர்த்துக்கொள்கிறேன்: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் பிறந்து வளர்ந்த இந்த மண்ணில் சைபீரியன் ஹஸ்கியை வாங்கி வளர்ப்பது அந்த நாய்க்குச் செய்யும் தீங்கு.

தனியாக இருக்கும் பெரியவர்களும் ஊருக்குப் போகிறவர்களும்

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று கட்டு உள்ள பெரிய வீட்டில் ஒரு ஆச்சியோ ஐயாவோ தனியாக இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். துணைக்கு ஒரு நாய். பெரியவர் திடீரென்று மருத்துவமனையில் சேர்ந்தாலோ, பிள்ளைகள் வந்து அழைத்துச் சென்றாலோ வீடு பூட்டப்படும், நாய் தெருவுக்கு வந்துவிடும். அது கெட்ட மனத்தால் நடப்பதில்லை. அந்த அவசரத்தில் நாயின் நினைவு யாருக்கும் வருவதில்லை, அவ்வளவுதான்.

காப்பகத்தில் இதைப் பற்றிய பேச்சு பொதுவாக இப்படித்தான் போகும். கண் அறுவைக்காகச் சென்னைக்குப் போகும் ஆச்சி, "ஒரு மாசந்தான் தம்பி, நீங்க வச்சுப் பாத்துக்கங்க" என்பார். ஊழியர், "வீட்டைப் பாத்துக்க ஆள் இருக்காகளா ஆச்சி?" என்று கேட்பார். முகப்பில் காவலுக்கு ஒருவர் படுத்திருக்கிறார் என்று ஆச்சி சொல்வார். அந்த ஒரு பதிலிலேயே வழி கிடைத்துவிடுகிறது. பழகிய வீட்டிலேயே நாய் இருக்கும், காவல்காரர் இருவேளை சோறு வைப்பார், காப்பகத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஆச்சிக்குப் படம் அனுப்புவார். பத்து வயது நாயை அறுபது நாய்கள் குரைக்கும் கொட்டகையில் அடைத்தால் முதல் சில நாள் அது சோற்றைத் தொடவே தொடாது. வீட்டில் விட்டு ஆள் வைத்துப் பார்ப்பதே மேல். வீட்டில் யாருமே இல்லாதபோதுதான் காப்பகத்தில் தங்கவைக்கும் பேச்சு வரும். அதற்குத் தடுப்பூசி முடிந்து குறைந்தது இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் அன்றே அட்டையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே செய்து வைக்க வேண்டிய ஒரு காரியம் உண்டு. ஒரு முழுத்தாளில் விலங்கின் பெயர், வயது, என்ன சாப்பிடும், எத்தனை மணிக்குச் சாப்பிடும், என்ன மருந்து, யாரைக் கண்டால் பயம், எந்த மருத்துவர் பார்க்கிறார், பெரியவருக்கு ஏதாவது ஆனால் விலங்கை யார் ஏற்றுக்கொள்வார், அவருடைய கைப்பேசி எண் என்ன என்பதையெல்லாம் எழுதி, மின்மானிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு படியைக் காப்பகத்தில் கொடுத்து வைக்கலாம், இன்னொன்றை வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பலாம். ஏற்றுக்கொள்பவர் என்று எழுதிய பெயருக்குரியவரிடம் அதைச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

விலங்கையும் உடன் அழைத்துப் போக முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. ரயிலில் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அறை முழுவதும் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில்தான் அனுப்ப முடியும். பல்லவன் போன்ற இருக்கை வண்டிகளில் மடியில் வைத்துக்கொண்டு போக விதி இடம் தராது. வெளிநாடு என்றால் தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப் பொருத்துவது, அதன்பின் வெறிநோய்த் தடுப்பூசி, பல நாடுகளுக்கு இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவுப் பரிசோதனை, சென்னையிலுள்ள விலங்குத் தொற்றுத்தடை அலுவலகத்தின் சான்று என்று வரிசையாக வேலைகள் உண்டு. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். விசா வந்த பிறகு தொடங்கினால் எட்டாது.

காணாமற்போனால்

நம் ஊர் வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முன்வாசலைக் காவல் காத்துக்கொண்டிருக்க, கல்யாணச் சாமான் ஏற்றுவதற்காகத் திறந்து வைத்த பின்வாசல் வழியாக நாய் போயிருக்கும். ஆகவே இரண்டு தெருக்களிலும் தேடுங்கள். தீபாவளி வெடிக்கும், திருவிழா வாணவேடிக்கைக்கும் அஞ்சி ஓடிய நாய் ஓடிய திசையிலேயே வெகுதூரம் போய்விடும், பிறகு பகலெல்லாம் கருவேலங் காட்டிலோ பாலத்தடியிலோ பதுங்கியிருந்து விடியற்காலையில்தான் நடமாடும். தேடுவதற்கு அதுவே நல்ல நேரம்.

முகமும் உடம்பின் அடையாளங்களும் தெரியும் படத்தை அன்றே காப்பகத்துக்கு அனுப்புங்கள், ஏனென்றால் வேறு யாராவது கண்டெடுத்து அதே காப்பகத்துக்குத்தான் சொல்லியிருப்பார்கள். பால்காரர், தூய்மைப் பணியாளர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்போர் ஆகிய மூவரிடமும் சொல்லிவைப்பது சுவரொட்டியை விட விரைவாகப் பலன் தரும். கழுத்துப்பட்டையில் அழியாத மையால் கைப்பேசி எண்ணை எழுதியிருந்தால் இவ்வளவும் தேவைப்படாது.

பூனை காணாமற்போனால் ஊரெல்லாம் அலைய வேண்டாம். அது பெரும்பாலும் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் முற்றத்துக்குள் ஓட்டின் மேலிருந்து குதித்து, ஏற வழி தெரியாமல் கிடக்கும். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி வாங்கித் திறந்து பார்ப்பதே முதல் வேலை.

விட்டுவிடத்தான் வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்தும் முடியாத நிலை வருவதுண்டு. வளர்த்தவர் இறந்துவிட்டார், ஏற்றுக்கொள்ள யாருமில்லை. குழந்தைக்குக் கடுமையான ஒவ்வாமை. வாடகை வீட்டுக்காரர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அப்போது நேரம் கேட்டுக்கொண்டு, நேரில் போய், உண்மையைச் சொல்லி ஒப்படையுங்கள். முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். மறைத்தால் அடுத்து ஏற்றுக்கொள்ளும் வீட்டில் ஒரு குழந்தை கடிபடும், நாயும் திரும்பி வரும், பிறகு அதை யாரும் எடுக்க மாட்டார்கள். இடம் இல்லை, காத்திருங்கள் என்று காப்பகம் சொன்னால் கோபப்பட வேண்டாம். காத்திருக்கும் நாள்களில் அதன் படத்தைப் போட்டு வேறு வீடு தேடித் தருவதும் காப்பகத்தின் வேலையே. வீட்டிலிருந்து வீட்டுக்கு நேராகப் போகும் விலங்குக்குத்தான் துன்பம் குறைவு.

இரவில் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துக் காப்பக வாசலில் போட்டுவிட்டுப் போவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். காப்பகம் என்பது நோயுற்ற விலங்குகள் நாள்தோறும் வந்து போகும் இடம். பார்வோ கிருமி தரையிலும் துணியிலும் பல மாதம் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசி போடாத ஒரு மாதக் குட்டியை அங்கே விடுவது, காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சாகக் கொடுப்பதே ஆகும். தாய் இருக்குமானால் தாயோடு குட்டிகளை எட்டு வாரம் வரை உங்கள் பின்கட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தீவனத்துக்கும் ஊசிக்கும் காப்பகம் கைகொடுக்கும், பிறகு ஒவ்வொன்றுக்கும் வீடு தேடுவது எளிது. வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதன்முறை செய்தவருக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை என்று அன்று எழுதியது இன்னும் மாறாமலே இருப்பதால் அந்தச் சட்டத்துக்கு யாரும் அஞ்சுவதில்லை என்பது வேறு கதை.

தத்து எடுக்கப் போகிறவர்களுக்கு

காப்பகத்தில் பணம் கொடுத்தவுடன் கையில் தந்துவிட மாட்டார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் பார்ப்பார்கள், வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதித்தாரா, ஊருக்குப் போகும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள், வீட்டுக்கே வந்தும் பார்ப்பார்கள், கருத்தடை செய்விப்பதாகக் கையொப்பம் வாங்குவார்கள். பெண் பார்க்க வந்தவர்களைப் போல இவ்வளவு கேள்வியா என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. கேள்வி கேட்காமல் கொடுக்கும் இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் வளர்ந்த நாயையும் பாருங்கள், முக்கியமாக வீட்டில் வயதானவர்கள் இருந்தால். இரண்டு மூன்று வயது நாயின் குணம் என்ன என்பது காப்பகத்தாருக்குத் தெரிந்திருக்கும், குட்டியின் குணத்தை யாராலும் சொல்ல முடியாது. பகட்டான காவல்நாய் தேடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். வெளியாள் வந்தால் குரைத்து எழுப்பும் வேலையை நாட்டு நாய் செவ்வனே செய்யும்.

வீட்டுக்கு வந்த முதல் சில நாள் முழு வீட்டையும் அதற்குத் திறந்துவிடாதீர்கள். பின்கட்டில் ஒரே அறை, ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு சாக்கு, ஒதுங்கிக்கொள்ள ஒரு கட்டிலின் அடி, இவை போதும். பூனையானால் மண் நிரப்பிய தட்டு ஒன்றும் வேண்டும், முற்றத்தின் மேல் வலை இல்லையென்றால் சில வாரம் அதை முற்றத்தில் விடவே கூடாது. உறவினர்களைக் கூட்டிக் காட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டுமா என்பதை உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் இந்த நாள்களிலேயே கேட்டுவிடுங்கள்.

கடிபட்டால்

உங்கள் நாயே கடித்தாலும், ஊசி போட்ட நாயே கடித்தாலும், பூனை பிறாண்டினாலும் செய்ய வேண்டியது ஒன்றே. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பின்பு 3, 7, 28ஆம் நாள்களில் போடுவார்கள். இரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றி, உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பதால் அதை அடித்து விரட்டிவிடாதீர்கள். எப்படிக் கண்காணிப்பது என்று காப்பகம் சொல்லித்தரும். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடுவது கூடாது. அறிகுறி தோன்றிய பின் வெறிநோய்க்கு மருந்து இல்லை.

காப்பகத்துக்குக் கொடுக்க நினைப்பவர்கள்

பழைய வேட்டி, சேலை, சாக்கு, செய்தித்தாள், அரிசி, பிளீச்சிங் பவுடர் ஆகியவை எப்போதும் தேவைப்படும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அனுப்புகிறவர்கள் வெள்ளைச் சோற்றையும் தயிரையும் அனுப்பலாம், பிரியாணியும் குழம்பும் வேண்டாம். வாரத்தில் ஒரு காலைப்பொழுது போய் நாய்களை நடத்திச் செல்வதும், கூண்டு கழுவுவதும், ஊசி முகாமில் பெயர் எழுதுவதும் பணத்தை விடப் பெரிய உதவி.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்புமுன் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும், அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறாத காப்பகம் அதை வாங்கக் கூடாது. சிறு காப்பகங்கள் பலவற்றுக்கு அந்தப் பதிவு இருக்காது. கேட்காமல் அனுப்பிவிட்டால் அவர்களுக்குத்தான் தொல்லை. ஊருக்கு வரும்போது கால்நடை மருந்துக் கடையில் காப்பகத்தின் பெயரில் இருக்கும் பாக்கியை நேராகக் கட்டிவிட்டு ரசீதைக் காப்பகத்தில் கொடுத்துவிடலாமா என்று முன்கூட்டியே அவர்களிடமும் ஒரு கணக்காயரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.